பழைய டிராக்டரும் பல்லைக் கடிக்கும் கியரும்

நாகர்கோவிலில் இருந்து பூதப்பாண்டி பக்கம் பேருந்தில் போய் வருகிறவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமானதுதான். முன்னால் செங்கல் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு பழைய மாஸி பெர்குசன் டிராக்டர். வளைவு வருகிறது. டிரைவர் வேகத்தைக் குறைத்து கியர் கம்பியைத் தள்ளுகிறார்... 'கர்ர்ர்ர்ர்'! இரும்பு இரும்பைக் கடிக்கிற சத்தம். பின்னால் பைக்கில் வருகிறவர் "ஓட்டத் தெரியாதவன் கையில வண்டியைக் குடுத்திருக்கான் பாரு" என்று முணுமுணுத்துவிட்டு முந்திப் போய்விடுவார்.

தப்பு அந்த டிரைவர் மேலும் இருக்கலாம். ஆனால் பாதித் தப்புதான். மீதிப் பாதிக்குப் பொறுப்பாளியைத் தேட வேண்டுமென்றால் 1891ஆம் ஆண்டு பாரிஸ் வரை போக வேண்டும்.

அந்த வருடம் பனார் - லெவசோர் என்ற பிரெஞ்சு நிறுவனத்தில் எமில் லெவசோர் ஒரு மோட்டார் வண்டியை வடிவமைத்தார். எஞ்சின் முன்னால், அதன் பின் கிளட்ச், அதன் பின் கியர், கடைசியில் பின்சக்கரம். பிறகு வந்த பெரும்பாலான மோட்டார் வண்டிகளுக்கு இந்த வரிசைதான் இலக்கணம் ஆனது. கியர் மாற்ற அவர் கண்ட வழி ரொம்ப எளிமையானது: ஒரு தண்டின் மேல் பல்சக்கரத்தை முன்னும் பின்னும் வழுக்கித் தள்ளி, இன்னொரு தண்டிலுள்ள பல்சக்கரத்தோடு மோத விட்டு, பல்லோடு பல்லைக் கோக்க வேண்டியது. இதற்கு ஸ்லைடிங் மெஷ் என்று பெயர். முரட்டுத்தனமான ஏற்பாடுதான், ஆனால் வேலை செய்கிறது என்று அவரே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. சொன்னாரோ இல்லையோ, இதைவிடச் சரியாக அதை வர்ணிக்க முடியாது!

ஏன் முரட்டுத்தனம்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரண்டாவது கியரில் எஞ்சின் மூன்று சுற்று சுற்றினால் வெளியே போகும் தண்டு ஒரு சுற்று சுற்றும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது கியரில் இரண்டு சுற்றுக்கு ஒரு சுற்று. இப்போது எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடுகிறது. இரண்டாவது கியரில் வெளித்தண்டு 500 சுற்று. அதே வேகத்தில் மூன்றாவதுக்கு மாற வேண்டுமென்றால் உள்தண்டு 1000 சுற்றுக்கு இறங்கி வந்தாக வேண்டும். இறங்குவதற்கு முன்னால் தள்ளினால், வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றின் மேல் ஒன்று உரசும். அதுதான் அந்தக் கர்ர்ர். மேலே இருந்து கீழ்க் கியருக்கு வரும்போது கணக்கு தலைகீழ். உள்தண்டு 1000த்தில் இருந்து 1500க்கு ஏற வேண்டும். அது தானாக ஏறாது, டிரைவர்தான் ஏற்ற வேண்டும்.

இதற்காக வந்த வித்தைதான் 'டபுள் கிளட்ச்'. பழைய லாரி டிரைவர்களுக்கு இது கைவந்த கலை. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வருவது, கிளட்சை விடுவது, கீழ்க் கியர் என்றால் இந்த இடைவெளியில் எஞ்சினை ஒரு முறை உறும விடுவது, மறுபடி மிதித்துக் கியரைப் போடுவது. எழுதினால் இவ்வளவு நீளம், செய்தால் ஒரு நொடி. (டிராக்டர் விளம்பரங்களில் போடுகிற 'டூயல் கிளட்ச்' வேறு சமாச்சாரம். அது பின்னால் வரும்.)

காரில் இந்தத் தலைவலி சீக்கிரமே தீர்ந்தது. அமெரிக்காவில் ஏர்ல் தாம்சன் என்பவர் உருவாக்கிய சிங்க்ரோமெஷ் முறை 1928இல் காடிலாக் கார்களில் வந்துவிட்டது. பல் கோப்பதற்கு முன்னால் ஒரு கூம்பு வடிவ வளையம் உரசி இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்கிவிடும். டிரைவர் கணக்கு போட வேண்டியதில்லை. இன்று பைபாஸில் காரை ஓட்டிப் பழகுகிற பையனுக்குக் கியர் சத்தம் போடும் என்பதே தெரியாது.

அப்படியென்றால் டிராக்டருக்கு மட்டும் ஏன் வரவில்லை? கம்பெனிக்காரர்கள் விவசாயி தானே என்று விட்டுவிட்டார்களா? பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். விலை ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் மண்ணில் இருக்கிறது.

காரில் கிளட்சை மிதித்தால் கார் உருண்டுகொண்டே இருக்கும். ஒன்பது கொத்துக் கலப்பையை மண்ணுக்குள் இறக்கி உழுதுகொண்டிருக்கும் டிராக்டரில் கிளட்சை மிதித்தால்? அந்த இடத்திலேயே நின்றுவிடும்! கலப்பையை மண் பிடித்து வைத்திருக்கிறது. வண்டி நின்றுவிட்டால் எந்த வேகத்தை எந்த வேகத்தோடு சமமாக்குவது? சிங்க்ரோமெஷ் இருந்தாலும் அங்கே அதற்குப் பெரிய வேலையில்லை. ஆகவே டிராக்டர் செய்தவர்கள் வண்டி நிற்கும்போதுதான் கியர் போடப்படும் என்று வைத்துக்கொண்டே பெட்டியைச் செய்தார்கள். வயலில் இறங்கும் முன் கியரைத் தேர்ந்தெடு, அதிலேயே உழு, மாற்ற வேண்டுமென்றால் நிறுத்தி மாற்று. பழைய டிராக்டரின் கியர் பெட்டியை மட்டமான கார் கியர் என்று நினைப்பது தவறு. அது வேறொரு வேலைக்காகச் செய்யப்பட்டது.

நாஞ்சில் நாட்டு வயலை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் விரிந்து கிடந்த நெல்வயல்களுக்கு வருடம் இரண்டு போகம்: கன்னிப்பூ, கும்பப்பூ. கதிர் முற்றி அறுவடைக்கு வருகிற மலையாள மாதத்தின் பெயர்தான் பூவுக்கும். கன்னி என்றால் புரட்டாசி, கும்பம் என்றால் மாசி. திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள் காலத்தில், 1897இல் தொடங்கி 1906இல் முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் கால்வாய்களில் வந்து இந்த வயல்களை நனைத்தது. அணையைக் கட்டிய எஞ்சினியர் மிஞ்சின் பெயரை இன்றும் ஊரில் சொல்வார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி குமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்தபோது இந்த மாவட்டத்தில் உழவு என்றால் காளையும் எருமைக்கடாவும்தான்.

மாட்டுக்கு கியர் பெட்டி தேவையில்லை! தொளி ஆழமாக இருந்தால் மாடு தானாக மெதுவாக இழுக்கும், மேடு தட்டினால் எட்டி நடக்கும், முடியாவிட்டால் நின்றுவிடும். வேகமும் பலமும் அதன் உடம்புக்குள்ளேயே கணக்குப் பார்த்துக்கொள்ளும். எஞ்சினுக்கு அந்தப் புத்தி கிடையாது. அது ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றத்தான் தெரிந்தது. எந்த மண்ணுக்கு எந்த வேகம் என்பதை மாட்டிடம் இருந்து வாங்கி டிரைவரின் கையில் கொடுத்த சாதனம்தான் கியர் கம்பி.

தொளி அடிக்கும்போது டயருக்குப் பக்கத்தில் கேஜ்வீல் மாட்டி இறக்குவார்கள். தப்பான கியரில் இறக்கிவிட்டு நடு வயலில் நிறுத்தி மாற்றிக்கொண்டிருந்தால் சக்கரம் புதைந்துபோகும். புதைந்த பிறகு ஆத்திரத்தில் முதல் கியரைப் போட்டுக் கிளட்சைப் படாரென்று விட்டால் என்ன நடக்கும்? பின்சக்கரம் அசையாது. ஆனால் எஞ்சினின் விசை எங்கேயாவது போயாக வேண்டுமே! பின் அச்சைச் சுற்றி வண்டியின் உடம்பே திரும்பும். முன்சக்கரம் தூக்கும். ஓரிரு நொடியில் டிராக்டர் மல்லாந்து டிரைவர் மேலேயே விழுந்துவிடும். உலகம் முழுவதும் டிராக்டர் விபத்துகளில் உயிர் போவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இப்படிக் கவிழ்வதுதான். வரப்பேறி வெளியே வரும்போதும் இதே ஆபத்து உண்டு. அதனால்தான் செங்குத்தான இடத்தில் ரிவர்ஸில் ஏறச் சொல்கிறார்கள். கிளட்சை மெதுவாக விடுவது என்பது சொகுசுக்காகச் சொன்ன விஷயம் இல்லை.

மேல்நாட்டுக்காரர்கள் இந்த வயல் பிரச்சினையைத் தீர்க்க வேறு பாதையில் போனார்கள். வண்டி நிற்காமலேயே, கலப்பை மண்ணில் இருக்கும்போதே கியர் மாற வேண்டும். அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1954இல் 'டார்க் ஆம்ப்ளிஃபையர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு நெம்புகோலை இழுத்தால் கிளட்சை மிதிக்காமலே வேகம் மூன்றில் ஒரு பங்கு வாக்கில் குறைந்து இழுவிசை கூடும். ஃபோர்டு 1959இல் 'செலக்ட்-ஓ-ஸ்பீடு' என்று பத்து முன் கியர்களோடு இறங்கியது. அது ஆரம்பத்தில் அடிக்கடி பழுதாகிக் கம்பெனிக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தது தனிக் கதை. மாஸி பெர்குசன் 1962இல் 'மல்டி-பவர்' கொண்டுவந்தது. அடுத்து ஜான் டீர் 'பவர் ஷிஃப்ட்' வந்தது.

இவற்றில் ஒன்றுகூட இந்திய விவசாயியின் டிராக்டரில் அந்தக் காலத்தில் வரவில்லை. இங்கே கதை வேறு மாதிரி. 1947இல் மத்திய டிராக்டர் நிறுவனம் என்று அரசு ஒன்றை ஆரம்பித்து, இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படை விட்டுப்போன எந்திரங்களை வைத்து வட இந்தியாவில் தரிசு நிலத்தைத் திருத்தியது. உள்நாட்டில் டிராக்டர் தயாரிப்பு அறுபதுகளை ஒட்டித்தான் சூடு பிடித்தது. ஐஷர் ஃபரீதாபாத்தில் முந்திக்கொண்டது. சென்னையில் 1960இல் அமால்கமேஷன்ஸ் குழுமம் மாஸி பெர்குசனோடு கூட்டுச் சேர்ந்து டாஃபே நிறுவனத்தைத் தொடங்கியது. எஞ்சின் அதே குழுமத்தைச் சேர்ந்த சிம்சன். மகிந்திரா 1963இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து பி-275க்கு வழி செய்தது. எச்.எம்.டி., ஸ்வராஜ் எல்லாம் எழுபதுகளில்.

தென் மாவட்டங்களில் அதிகம் கண்ணில் படுகிற பழைய சிவப்பு வண்டி மாஸி பெர்குசன் 1035. இதன் மூதாதை இங்கிலாந்தில் 1956இல் வந்த பெர்குசன் 35. மூன்று முன் கியர், ஒரு ரிவர்ஸ். கூடவே ஹை, லோ என்று இன்னொரு சின்னக் கம்பி. பெருக்கினால் ஆறு முன்னே, இரண்டு பின்னே. மணிக்கு இரண்டு கிலோமீட்டர் சொச்சத்தில் ஆமை மாதிரியும் நகரும், இருபது சொச்சத்தில் ரோட்டிலும் ஓடும். பெட்டிக்குள்ளே? 1891இல் லெவசோர் செய்த அதே ஸ்லைடிங் மெஷ்!

இந்தக் குடும்பத்து வண்டிகளில் ஒரு அழகான விஷயம் உண்டு. அதற்கும் முந்தைய டி.இ.-20 என்ற சாம்பல் நிற பெர்குசனில் (1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள்) ஸ்டார்ட்டர் பொத்தானே கிடையாது. கியர் கம்பியை ஒரு குறிப்பிட்ட பக்கம் தள்ளினால்தான் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். கியரில் இருக்கும்போது தப்பித் தவறி ஸ்டார்ட் செய்து யார் மேலாவது ஏற்றிவிடக் கூடாது என்பதற்காக. பெர்குசன் 35இல் இந்த வேலை ஹை-லோ கம்பிக்குப் போனது. ஹைக்கும் லோவுக்கும் நடுவில் ஒரு ஸ்டார்ட் நிலை இருக்கும். கம்பி அங்கே இருந்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். இந்த நடு நிலையை ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.

சரி, சத்தமில்லாமல் கியர் போடுவது எப்படி? குமரியில் 'மிதி' என்று சொல்ல மாட்டார்கள், 'சவுட்டு' என்பார்கள். கிளட்சை முழுக்கச் சவுட்டிவிட்டு உடனே கம்பியை இழுக்கக் கூடாது. எஞ்சினில் இருந்து பிரிந்த பிறகும் உள்தண்டு சும்மா சுழன்றுகொண்டிருக்கும். இரண்டு மூன்று நொடி பொறுத்தால் அது ஓயும். அப்புறம் போட்டால் வெண்ணெயில் கத்தி. வண்டி நிற்கும்போது கியர் விழவே மறுக்கிறதா? பல்லுக்கு நேராகப் பல் நிற்கிறது என்று அர்த்தம். பலத்தைக் காட்டாமல், நியூட்ரலில் வைத்துக் கிளட்சைக் கொஞ்சம் விட்டு மறுபடி சவுட்டினால் பல் நகர்ந்து வழி விடும். எவ்வளவு பொறுத்தாலும் கடிக்கிறது என்றால் டிரைவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை, பெடலின் ஆட்டத்தைச் சரி செய்ய வேண்டும். இதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் கடிக்க விட்டால் பல்லின் நுனி மழுங்கி, உடைந்த துணுக்கு எண்ணெயில் விழுந்து, பெட்டியையே பிரிக்க வேண்டியதாகிவிடும். அந்தச் செலவு ஒரு பூ உழவில் கிடைத்த வாடகையைச் சாப்பிட்டுவிடும்.

ரொட்டவேட்டர் மாட்டினால் இன்னொரு விஷயம் சேர்ந்துகொள்கிறது. பின்னால் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்ற வேண்டும் என்பதால் எஞ்சின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. வண்டி எவ்வளவு வேகமாக நகர வேண்டும் என்பதைக் கியர் மட்டும்தான் முடிவு செய்யும். வேகமான கியர் என்றால் கட்டி உடையாது, மெதுவான கியர் என்றால் மண் மாவாகிவிடும். முன்னால் சொன்ன டூயல் கிளட்ச் இங்கேதான் உதவுகிறது. பாதி சவுட்டினால் வண்டி நிற்கும், பி.டி.ஓ. சுற்றிக்கொண்டே இருக்கும். முழுக்கச் சவுட்டினால் இரண்டும் நிற்கும்.

இவ்வளவும் வயல் வரைக்கும். நாஞ்சில் நாட்டில் வயல்தான் நிற்கவில்லையே! நெல் போட்ட இடத்தில் வாழை வந்தது, தென்னை வந்தது, வீட்டு மனையும் கல்யாண மண்டபமும் வந்தன. மாவட்டத்தின் மேற்கே ரப்பர். டிராக்டர் மட்டும் விற்றுப்போகாமல் தங்கிவிட்டது. வருடத்தில் சில வாரம் உழவு, மீதி நாளெல்லாம் ரோடு. செங்கல், மணல், கல், வாழைக்குலை, வைக்கோல். நின்று கியர் மாற்றுவதற்காகச் செய்த வண்டி, ஓடிக்கொண்டே கியர் மாற்ற வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கர்ர்ர் சத்தத்தின் மீதிப் பாதி இங்கேதான் பிறக்கிறது.

நாகர்கோவிலைச் சுற்றி நிலம் சமம். வில்லுக்குறி தாண்டி தக்கலை, மார்த்தாண்டம் என்று போனால் ரோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும். இறக்கம் வந்ததும் பல டிரைவர்கள் செய்கிற காரியம், கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருள விடுவது. கேட்டால் டீசல் மிச்சம் என்பார்கள். இது முழுத் தப்புக் கணக்கு. டிராக்டர் எஞ்சினில் கவர்னர் என்று ஒன்று இருக்கிறது. கியரில், கை ஆக்சிலேட்டரைக் குறைத்து வைத்து இறங்கினால் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. வேகம் போதுமென்று கவர்னர் டீசலை ஏறக்குறைய முழுசாக அடைத்துவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடிக்க வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று செலவு செய்கிறார்கள்!

டீசல் போனால் போகட்டும். பிரேக் டிராக்டரின் பின்சக்கரங்களில் மட்டும். டிரெய்லருக்குப் பெரும்பாலும் பிரேக்கே இல்லை. பின்னால் டன் கணக்கில் செங்கல் தள்ளுகிறது. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் ஆனதும் பயந்துபோய், 2000 சுற்றில் 10 கிலோமீட்டர் ஓடுகிற கியரைப் போட முயன்றால் உள்தண்டு நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்ற வேண்டும். இந்த எஞ்சின் கனவிலும் தொடாத வேகம். எத்தனை டபுள் கிளட்ச் அடித்தாலும் பல் கோக்காது. கியரிலேயே இருந்தாலும் கிளட்சைச் சவுட்டிப் பிடித்துக்கொண்டால் அதே நிலைமைதான். இன்னும் மோசம், ஹையில் இருந்து லோவுக்கு அந்தச் சின்னக் கம்பியை இழுப்பது. ஹை விட்டுவிடும், லோ விழாது, கம்பி நடுவில் அந்த ஸ்டார்ட் நிலையில் வந்து நின்றுகொள்ளும். யார் மேலும் வண்டி ஏறிவிடக் கூடாது என்று ஏற்படுத்திய இடம்! வண்டியை முழுக்க நிறுத்திய பிறகே ஹை-லோ மாற்ற வேண்டும் என்ற விதி இதற்குத்தான்.

ஆக இறக்கத்தின் தலையிலேயே, வண்டி இன்னும் மெதுவாக இருக்கும்போதே, எந்தக் கியரில் ஏறினால் வண்டி திணறாமல் ஏறுமோ அந்தக் கியரில் போட்டுவிட்டு இறங்குவதுதான் வழி. நடுவில் தொடக் கூடாது. அனுபவப்பட்ட டிரைவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர்களைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதில்லை.

கிளம்பும்போதே செய்து வைக்க வேண்டியது ஒன்றும் பாக்கி இருக்கிறது. டிராக்டரில் வலது, இடது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் பெடல். வயலின் மூலையில் ஒரு பக்கத்தை மட்டும் சவுட்டிச் சட்டென்று திரும்புவதற்காக. ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்ட ஒரு சின்னக் கொண்டி உண்டு. பூட்டாமல் வந்து அவசரத்தில் ஒரு பெடலை மட்டும் சவுட்டினால் வண்டி ஒரு பக்கமாகத் திரும்பி டிரெய்லரோடு மடங்கிக்கொள்ளும். ரோட்டோரம் நிற்கும் பழைய வண்டிகளில் அந்தக் கொண்டியைப் பார்க்கலாம். துருப்பிடித்து, பூட்டாத நிலையிலேயே இறுகிக் கிடக்கும்.